புலன்களை மனம் எப்படி ஒன்றுசேர்க்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்ப்பது கண், கேட்பது காது என்று பிரித்துச் சொல்லியே பழகிவிட்டோம். ஆனால் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஒரு காயைக் கையில் எடுப்பவருக்கு நிறம் தனியாக, மணம் தனியாக, கனம் தனியாக, தோலின் இறுக்கம் தனியாக வந்து சேர்வதில்லை. ஒரே காயாகத்தான் வருகிறது. இந்த ஒருமை எங்கிருந்து வருகிறது என்பதே இந்தத் துறையின் கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்பிலேயே செய்து பார்க்கும்படி பதில்களை எழுதியிருக்கிறோம். சோதனைகளில் எது எதனால் பிசகும் என்பதும் அங்கங்கே உண்டு.

இது ஆய்வகத்துக்காரர் வேலையாயிற்றே, தத்துவவாதிக்கு இங்கே என்ன வேலை?

கேள்வியைத் தொடங்கியதே தத்துவவாதிகள்தான். ஒரு பொருளின் வடிவம், அளவு, எண்ணிக்கை, அசைவு ஆகியவற்றைக் கண்ணாலும் அறியலாம், கையாலும் அறியலாம். இவை எந்தத் தனிப் புலனுக்கும் சொந்தமல்ல என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். இன்று இதில் முன்னணியில் நிற்பவர்களில் ஒருவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேசி ஓ'கல்லகன். ஒலி என்றால் என்ன என்பதில் தொடங்கியவர், 2019-இல் பல்புலன் அறிவைப் பற்றியே தனி நூல் வெளியிட்டார்.

அவர் வற்புறுத்துவது இதுதான். ஒவ்வொரு புலனையும் தனித்தனியாக ஆராய்ந்து கடைசியில் கூட்டினால் மனித அனுபவம் முழுதாகக் கிடைத்துவிடாது. புலன்கள் சேர்ந்து இயங்கும்போது மட்டுமே கிடைக்கும் அறிவு உண்டு.

இதில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. ஒரு புலன் இன்னொன்றின் வேலையில் தலையிடுகிறது என்பது ஒன்று. அப்படித் தலையிடுவதையும் தாண்டி, எந்த ஒற்றைப் புலனுக்கும் எட்டாத புது அனுபவம் பிறக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதைச் சோதனை காட்டிவிடும். இரண்டாவதற்கு வாதம் வேண்டும், தத்துவவாதியின் வேலை அங்கேதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் கீழே வரும் பதில்கள் எல்லாம் எளிதாகப் பிடிபடும்.

நம் மரபில் இதைப் பற்றி யாராவது பேசியிருக்கிறார்களா?

நன்றாகவே பேசியிருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியல், உற்றறிவதில் தொடங்கி நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து உயிர்களை அடுக்குகிறது. ஆறாவதாக வைப்பது மனத்தை. அங்கே மனமும் ஓர் அறிவாகவே எண்ணப்படுகிறது.

நியாயம் என்ற இந்தியத் தர்க்கத் தத்துவ மரபினர் நேராகவே வாதத்துக்கு வந்தார்கள். கண்டதும் தொட்டதும் ஒரே பொருள்தான் என்று அறிகிறோம். கண்ணுக்குத் தொடுகை தெரியாது, தோலுக்கு நிறம் தெரியாது. அப்படியானால் இரண்டையும் சேர்த்து 'இது அதுதான்' என்று சொல்பவர் இரண்டுக்கும் அப்பால் இருக்க வேண்டும். நியாய சூத்திரம் மூன்றாம் அத்தியாயத்தை இந்த வாதத்தோடுதான் தொடங்குகிறது. அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது: மனம் அணு அளவானது, ஒரு நேரத்தில் ஒரு புலனோடுதான் சேரும். முறுக்கு மாதிரியான ஒரு நீளப் பலகாரத்தைக் கடிக்கும்போது சுவை, மணம், மொறுமொறுப்பு எல்லாம் ஒரே கணத்தில் வருவதாகத் தோன்றுகிறதே என்று கேட்டால், நூறு தாமரை இதழை அடுக்கி ஊசியால் குத்துவதைக் காட்டுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் துளை விழுகிறது. வேகத்தில் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. இந்தப் பதில் பழசாகிப்போனதல்ல. இதே கட்சியை இன்றும் வாதிடுகிறார்கள், பின்னால் வருகிறது.

பிறவியிலேயே பார்வையில்லாதவருக்குப் பார்வை வந்தால், கையால் அறிந்த உருண்டையைக் கண்ணால் அடையாளம் காண்பாரா?

அயர்லாந்துக்காரரான வில்லியம் மாலினோ 1688-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டது இது. லாக் 'காணமாட்டார்' என்றார். தத்துவவாதி பெர்க்லியும் 1709-இல் அதையே சொன்னார். முந்நூறு ஆண்டுக்குப் பிறகு விடையின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவிப் பார்வைக்குறைக்குச் சிகிச்சை பெற்ற, 8 முதல் 17 வயதுக்குட்பட்ட 5 பேரைச் சோதித்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டு பிரித்த இரண்டு நாளுக்குள் சோதனை. பிளாஸ்டிக் கட்டைகளால் செய்த உருவங்கள். தொட்டதைத் தொட்டே கண்டுபிடிக்கச் சொன்னபோது 98 சதவீதம் சரி. பார்த்ததைப் பார்த்தே கண்டுபிடிப்பதில் 92. தொட்டதைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில் வெறும் 58. இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 வரும்.

லாக் சொன்னது சரி என்று இத்தோடு கோப்பை மூடிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் திரும்பச் சோதிக்க முடிந்த பிள்ளைகள் சில நாட்களிலேயே நன்றாகத் தேறிவிட்டார்கள், அதுவும் தனிப்பயிற்சி எதுவும் இல்லாமல். இணைப்பு முன்கூட்டியே தயாராக இல்லை. ஆனால் உண்டாக வருடக்கணக்கும் ஆகவில்லை. தத்துவவாதிகள் எதிர்பாராத பகுதி இந்த வேகம்தான்.

உதட்டைப் பார்ப்பதால் காதில் விழும் எழுத்து மாறும் என்கிறார்களே, தமிழில் செய்து பார்க்க முடியுமா?

தமிழுக்கு வெகு பொருத்தம். ஹாரி மெகர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் 1976-இல் வெளியிட்டது. 'பா' என்ற ஒலியை, 'கா' என்று சொல்லும் வாயோடு சேர்த்துக் காட்டினால் பலருக்கு 'தா' என்று கேட்கும்.

செய்முறை: ஒரே ஆள், ஒரே இடம், முகத்துக்கு நேரே வெளிச்சம். தலை அசையாமல் 'பா… பா… பா' என்று ஒரு வீடியோ, 'கா… கா… கா' என்று இன்னொரு வீடியோ. இரண்டும் ஒரே வேகத்தில் இருக்க, ஒரு வினாடிக்கு ஒரு எழுத்து என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு செல்போனிலுள்ள ஏதாவது எடிட்டிங் செயலியில் 'கா' வீடியோவின் ஒலியை எடுத்துவிட்டு 'பா' ஒலியை வையுங்கள். 'கா'வின் ஒலி வெடித்த அதே இடத்தில் 'பா'வின் வெடிப்பு விழ வேண்டும். வினாடிக்கு 30 பிரேம் வீடியோவில் ஒரு பிரேம் 33 மில்லிவினாடி. ஒன்றிரண்டு பிரேம் பிசகினால் பரவாயில்லை, ஐந்தாறு போனால் மயக்கம் கலைந்துவிடும்.

பார்ப்பவர் கண்ணை மூடினால் உடனே 'பா', திறந்தால் 'தா'. ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டுக் காட்டினாலும் அப்படியேதான் கேட்கும்.

பிசகும் இடங்கள்: உதட்டை மறைக்கும் மீசை, ஸ்பீக்கர் சத்தத்தை அதிகம் வைப்பது (கொஞ்சம் குறைத்தால், அல்லது மின்விசிறி இரைச்சல் இருந்தால் நன்றாக வேலை செய்யும்), மாற்றி வைத்துவிடுவது. 'கா' ஒலியோடு 'பா' வாயைச் சேர்த்தால் 'தா' வராது. உதடு மூடுவது கண்ணெதிரே தெரிவதால் 'பகா', 'கபா' என்று இரண்டும் சேர்ந்து கேட்கும். சிலருக்கு எப்படிச் செய்தாலும் 'பா'தான். அவர்கள் காதிலோ கவனத்திலோ குறை என்று அர்த்தமல்ல; ஆளுக்கு ஆள் வித்தியாசம் இதில் மிக அதிகம்.

கண்ணும் கையும் வேறுவேறு சொன்னால் மனம் யாரை நம்பும்?

'கண்தான் ராஜா' என்று ரொம்ப காலம் நம்பினார்கள். அது சரியில்லை. மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் இருவரும் 2002-இல் காட்டியது இது: எந்தப் புலன் அந்த நேரத்தில் குறைவாகத் தடுமாறுகிறதோ அதற்கு அதிக எடை. கணக்காகச் சொன்னால், ஒவ்வொரு புலனின் எடையும் அதன் பிசகின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும்.

ஒரு மாங்காயின் அகலத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. கண் 70 மி.மீ. என்கிறது, பிசகு 2 மி.மீ. கை 75 என்கிறது, பிசகு 4. வர்க்கங்கள் 4, 16. எனவே கண்ணுக்கு எடை 0.8, கைக்கு 0.2. சேர்ந்த மதிப்பு 71 மி.மீ. இப்போது கவனிக்க வேண்டியது பிசகை: 4 × 16 ÷ 20 = 3.2, அதன் வர்க்கமூலம் சுமார் 1.8 மி.மீ. கண்ணை மட்டும் நம்பியிருந்தால் 2. அதாவது தடுமாறும் துணையைச் சேர்த்துக்கொண்டும் முடிவு கூர்மையாகிறது. புலன்களைச் சேர்ப்பதால் என்ன லாபம் என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

கரண்ட் போய்விட்டது, கண்ணின் பிசகு 8 ஆகிறது என்று வையுங்கள். இப்போது எடை அப்படியே திரும்பி கண்ணுக்கு 0.2, கைக்கு 0.8. மதிப்பு 74. அதே ஆள், அதே காய், ராஜா மட்டும் மாறிவிட்டார்.

கூத்து மேடையில் ஒலிபெருக்கி ஓரத்தில்தான் இருக்கிறது. குரல் மட்டும் நடிகர் வாயிலிருந்து வருவதுபோல் கேட்பது ஏன்?

மேலே சொன்ன கணக்குத்தான். ஓர் ஒலி எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதில் காது அவ்வளவு துல்லியமில்லை, கண் துல்லியம். ஆகவே குரலின் இடத்தைக் கண் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பென்னாகரம் பக்கம் விடியவிடியப் பாரதக் கூத்து பார்ப்பவர்கள் எல்லோரும் தெரியாமலே இந்தச் சோதனையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். கட்டியங்காரன் பேசும்போது குரல் அவர் வாயில். திரைக்குப் பின்னிருந்து பாடும்போது, பார்க்க வாய் இல்லாததால், குரல் ஒலிபெருக்கிக்கே திரும்பிவிடும். டேவிட் அலைஸ், டேவிட் பர் இருவரும் 2004-இல் இதை மறுபக்கத்திலிருந்தும் உறுதி செய்தார்கள்: காட்சியை மிகவும் மங்கலாக்கினால் ஒலியே காட்சியின் இடத்தை இழுக்கத் தொடங்குகிறது.

இழுப்புக்கு எல்லை உண்டு. இடமும் நேரமும் மிக விலகினால் மனம் 'இவை இரண்டு வேறு நிகழ்வுகள்' என்று முடிவுகட்டிச் சேர்ப்பதையே விட்டுவிடும். வகுப்பில் பார்க்க: லேப்டாப்பில் பேசும் முகம், 2 மீட்டர் தள்ளி மாணவர். ஸ்பீக்கரைத் துணியால் மறைத்துத் திரைக்கு 20 செ.மீ. பக்கத்தில் வைத்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அறையின் பின்பக்கம் வைத்தால் சட்டென்று தெரியும். நடுவில் எங்கே உடைகிறது என்று 20 செ.மீ. 20 செ.மீ.யாக நகர்த்திக் குறித்துக்கொள்ளுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். ஒலி தாமதமாக வந்து சோதனையைக் கெடுத்துவிடும். ஒயர் ஸ்பீக்கரே போதும்.

நேரத்தின் எல்லையைத் தென்பெண்ணைக் கரையில் பார்க்கலாம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 10 மீட்டரில் கல்லில் துணி துவைப்பவரைப் பார்த்தால் தாமதம் 30 மில்லிவினாடிகூட இல்லை, அடியும் சத்தமும் ஒன்று. 100 மீட்டரில் 0.3 வினாடி: துணி மேலே ஏறிய பிறகு 'டப்' என்று கேட்கும். இடையில் மனம் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொள்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்கு வைத்திருக்கும் அளவின்படி, ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலே பார்ப்பவருக்கு உறுத்தும். பிந்தினால் 125 வரை தெரியாது. இயற்கையில் ஒலி ஒளியை முந்தி வந்ததே கிடையாது, பிந்தித்தான் வரும். பொறுமையும் அந்தப் பக்கமே இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஒலி கண்ணை ஏமாற்றும் சோதனை ஏதாவது உண்டா?

உண்டு. 2000-இல் லடன் ஷம்ஸ், யுகியாசு கமிதானி, ஷின்சுகே ஷிமோஜோ வெளியிட்டது. திரையில் ஒரே ஒரு மின்னல், கூடவே 'பிப் பிப்' என்று இரண்டு ஒலி. பலருக்கு மின்னல் இரண்டாகத் தெரியும். மின்னல் என்பது ஒரு வெள்ளை வட்டம், ஒரு பிரேம் மட்டும் தெரிவது, அதாவது 60 ஹெர்ட்ஸ் திரையில் சுமார் 17 மில்லிவினாடி. இரண்டு பிப்புக்கும் நடுவே 60 மில்லிவினாடி போல. வட்டத்தை நேரே பார்க்கவிடாமல், அதற்கு மேலே ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரப்பார்வையில்தான் மயக்கம் வலுக்கும். வட்டம் இரண்டு பிரேமுக்கு மேல் நின்றாலோ, ஒலிகள் 100 மில்லிவினாடிக்கு மேல் விலகினாலோ ஒன்றும் நடக்காது. நடுநடுவே உண்மையிலேயே இரண்டு மின்னலும் ஒரு பிப்பும் கலந்து காட்டுங்கள். இல்லாவிட்டால் மாணவர்கள் பிப்பை எண்ணிச் சொல்கிறார்களா, பார்த்துச் சொல்கிறார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஒரே எடை, சின்னது கனக்கிறது. இது எப்படி?

1891-இல் ஷார்பான்தியே விவரித்தது. ஒரு சின்ன டப்பா, அதைப்போல மூன்று மடங்கு பெரிய டப்பா. இரண்டையும் மணல் போட்டுத் துல்லியமாக 400 கிராம் ஆக்குங்கள். தூக்கிப் பார்ப்பவர் ஏறக்குறைய எல்லோரும் சின்னதே கனம் என்பார்கள். தராசில் வைத்துக் காட்டிய பிறகும் அப்படியே.

மணலை அப்படியே கொட்டிவைத்தால் பெரிய டப்பாவில் அது ஒரு பக்கம் சரிந்து கையை இழுக்கும், சோதனை கெடும். பிளாஸ்டிக் பையில் கட்டி நடுவில் வைத்துச் சுற்றிப் பஞ்சு அடையுங்கள். இரண்டு டப்பாவின் மேற்பரப்பும் ஒரே மாதிரி இருக்க ஒரே காகிதத்தால் ஒட்டிவிடுங்கள்.

இதில் தத்துவவாதிகளை உலுக்கிய விஷயம் 2000-இல் ஃப்ளானகன், பெல்ட்ஸ்னர் கண்டது. முதல் சில தடவை தூக்கும்போது விரல்கள் பெரிய பெட்டிக்கு அதிக விசை கொடுக்கின்றன. பிறகு கற்றுக்கொண்டு இரண்டுக்கும் சரியான ஒரே விசையைக் கொடுக்கின்றன. ஆனாலும் ஆள் 'சின்னதுதான் கனம்' என்பதை விடவில்லை. கைக்குத் தெரிந்துவிட்டது, உணர்வுக்குத் தெரியவில்லை. இன்னொன்று: கண்ணைக் கட்டி, கையால் அளவை உணரவிட்டாலும் இந்த மயக்கம் வரும். ஆகவே இதைக் 'கண் செய்த கோளாறு' என்று எழுதும் கையேடுகள் தவறு.

ரப்பர் கை சோதனையை வகுப்பில் எப்படிச் செய்வது?

1998-இல் போட்வினிக், கோஹன் இருவரும் செய்தது. தன் கை மறைவில் இருக்க, எதிரே இருக்கும் போலிக் கையைத் தன் கையாக உணரவைப்பது.

வேண்டியவை: ஒரு ரப்பர் கையுறை, அடைக்கப் பஞ்சு, மாம்பழ அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம், ஒரே அளவில் இரண்டு பெயின்ட் பிரஷ், ஒரு பெரிய துண்டு. மாணவர் இரண்டு கையையும் மேசைமேல் வைக்கட்டும். இடது கைக்கும் பார்வைக்கும் நடுவே அட்டையை நிறுத்துங்கள். போலிக் கையை அட்டைக்கு இந்தப் பக்கம், உண்மைக் கையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, அதே திசையில் விரல் நீட்டியபடி வையுங்கள். தோளிலிருந்து போலி மணிக்கட்டு வரை துண்டால் மூடுங்கள். மாணவருக்கும் அதே மாதிரிக் கையுறை மாட்டிவிட்டால் இன்னும் நல்லது. இரண்டு பிரஷாலும் இரண்டு கையின் அதே விரலை, அதே திசையில், அதே கணத்தில் வருடுங்கள். சீரான தாளத்தில் வேண்டாம், விட்டுவிட்டு, எதிர்பாராதபடி. பலருக்கு ஒன்றிரண்டு நிமிடத்தில் போலிக் கைமேலேயே தொடுகை தெரியத் தொடங்கும். ஐந்து நிமிடம் வரை பொறுங்கள்.

வராவிட்டால் பார்க்க வேண்டியது: பிரஷ்கள் ஒத்துப்போகவில்லை (முக்கால்வாசி இதுதான்), போலிக் கை மிகத் தள்ளி இருக்கிறது, 30 செ.மீ. தாண்டினால் வலுவிழக்கும், போலிக் கை குறுக்கே திரும்பியிருக்கிறது, இடது கை மறைவில், வலது கையுறை எதிரில் என்று மாறிப்போனது.

அளக்கவும் செய்யுங்கள். சோதனைக்கு முன்பும் பின்பும் மாணவர் கண்ணை மூடி, மேசைக்கு அடியில் வலது விரலால் தன் இடது ஆள்காட்டி விரல் இருக்கும் இடத்தைக் காட்டட்டும். பின்னதில் சுட்டும் இடம் போலிக் கையை நோக்கிச் சில செ.மீ. நகர்ந்திருக்கும். பிறகு பிரஷை வேண்டுமென்றே அரை வினாடி மாற்றி மாற்றி வருடி அதையே அளந்து ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீடு இல்லாத ரப்பர் கை வெறும் வேடிக்கை. ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து 'ஆமாம் சார், தெரியுது' என்று சொல்லும் பிள்ளைகள் எப்போதும் உண்டு. முடிவில் போலிக் கையைச் சுத்தியால் அடிப்பது போன்ற வித்தை வேண்டாம். சிறு பிள்ளைகள் நிஜமாகவே அரண்டுவிடுவார்கள்.

மாம்பழச் சுவை நாக்கில்தானே இருக்கிறது?

இனிப்பும் புளிப்பும் நாக்கில். மல்கோவாவை மல்கோவா ஆக்குவது மூக்கில். மெல்லும்போது மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது.

மாம்பழக் கூழும் பப்பாளிக் கூழும் வடிகட்டி எடுங்கள். துண்டாகக் கொடுத்தால் நாரை வைத்தே சொல்லிவிடுவார்கள். இரண்டும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். இனிப்பும் ஓரளவு ஒத்திருக்கும்படி சர்க்கரை சேர்த்துச் சரிசெய்யுங்கள். கண்ணைக் கட்டி, மூக்கைப் பிடித்து, ஒரு தேக்கரண்டி வாயில். பத்து வினாடி வைத்திருந்தும் 'இனிக்கிறது' என்பதற்கு மேல் வராது. மூக்கை விட்டதும் மாம்பழம் 'வந்து இறங்கும்'. சளி பிடித்தவரை விலக்குங்கள். இஞ்சி, மிளகாய் சேர்ந்த எதையும் தவிருங்கள். காரம் எரிச்சல் நரம்பின் வேலை, மூக்கை அடைத்தாலும் தெரியும்.

கேள்வியின் சுவாரசியம் பின்னால் இருக்கிறது. மூக்கில் அறிந்த மணம் ஏன் வாயில் இருப்பதாகத் தெரிகிறது? தொடுகையும் சுவையும் இருக்கும் இடத்துக்கு மணத்தை மனம் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. கூத்தில் குரல் வாய்க்குப் போன அதே வேலை. நாக்கும் மூக்கும் தந்தவற்றின் வெறும் கூட்டுத்தொகையா இந்த ருசி, அல்லது தனியான ஒன்றா என்பதில் தத்துவவாதிகள் இன்னும் உடன்படவில்லை.

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி தகடூரின் பெருமை என்பதால் அடிக்கடி கேட்கிறார்கள்: நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் இனிப்பதும் இந்த வகையா? இல்லை. அது சுவை என்ற ஒரே புலனுக்குள் முன்னது பின்னதை மாற்றுவது. பல்புலன் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

மொறுமொறுப்பு?

பாதி காதில். 2004-இல் சம்பினியும் ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸும் உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கும் ஒலியை மைக்கில் வாங்கி ஹெட்போனில் கடித்தவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். உச்ச அதிர்வெண்களைக் கூட்டினால் சிப்ஸ் புதிதாகவும், குறைத்தால் நமத்ததாகவும் தோன்றியது. ஓசூர்ப் பக்கத்து நிப்பட்டிலும் இதை முயலலாம். தாமதமில்லாமல் ஒலி திரும்பி வரும் கருவி வேண்டும். சாதாரணச் செல்போனில் நடக்காது.

பரிசலில் சுற்றினால் தலை சுற்றுவதும், மலைப்பாதைப் பஸ்ஸில் வாந்தி வருவதும் இதில் சேருமா?

சேரும். புலன் ஐந்து என்பதே குறைந்த கணக்கு. உட்காதிலுள்ள சமநிலைப் புலன், உடலுறுப்புகள் எங்கே இருக்கின்றன என்று அறியும் புலன், வலி, வெப்பம் எல்லாம் தனித்தனி. ஒகேனக்கல்லில் பரிசலைச் சுழற்றிவிட்டு நிறுத்தியதும் உட்காது வளையங்களின் நீர் சிறிது நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். உட்காது 'சுற்றுகிறோம்' என்கிறது, கண் 'நின்றுவிட்டோம்' என்கிறது, பாறையெல்லாம் சுற்றுகிறது. வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் செல்போன் பார்ப்பவருக்கு நேர்மாறு: கண்முன் திரை அசையாமல் இருக்க, உட்காது திருப்பங்களை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும். முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

இத்தனை சோதனையும் ஓ'கல்லகன் சொல்வதை நிரூபிக்கிறதா?

முதல் கூற்றை, ஆம். புலன்கள் ஒன்றில் ஒன்று தலையிடுகின்றன என்பதில் இனி விவாதமில்லை. நடுமூளையில் ஒரு சிறு மேட்டிலுள்ள நரம்பணுக்கள் மங்கிய ஒளியும் மெல்லிய ஒலியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வந்தால் இரண்டின் கூட்டுத்தொகையையும் மிஞ்சித் துடிக்கும் என்று பூனைகளில் பாரி ஸ்டைன், அலெக்ஸ் மெரிடித் காட்டியது எண்பதுகளிலேயே.

இரண்டாம் கூற்றை இவை நிரூபிக்கவில்லை. 'தா' கேட்டது என்றால், உதட்டால் மாற்றப்பட்ட ஒரு காதொலி, அவ்வளவே என்று ஒருவர் சொல்லலாம். அனுபவம் அப்போதும் காதுக்கே சொந்தம். ஸ்பென்ஸும் தத்துவவாதி டிம் பெய்னும் சேர்ந்து இன்னும் ஒரு படி போய், விழிப்பில் ஒரு கணத்தில் ஒரு புலன்தான் இருக்கிறது, மின்னல் வேகத்தில் மாறிக்கொண்டிருக்கிறது என்ற வாய்ப்பை மறுக்க நல்ல ஆதாரம் இல்லை என்றார்கள். தாமரை இதழும் ஊசியும் மறுபடி வந்துவிட்டன.

ஓ'கல்லகனின் பதில்: எந்த ஒரு புலனும் தனியாகத் தர முடியாத ஒன்றை நாம் நேரடியாக உணர்கிறோம் என்று காட்டினால் போதும். அதில் நமக்கு வலுவாகத் தோன்றுவது தாளம். இதைச் செய்து பாருங்கள். 'தகிட தகிட' என்று திஸ்ர நடை, அடிக்கு அரை வினாடி. 'த' மட்டும் மேசையில் தட்டு. 'கிட' இரண்டும் மாணவரின் புறங்கையில் சத்தமில்லாத விரல் தொடுகை. மேசையை மட்டும் கேட்பவருக்கு ஒன்றரை வினாடிக்கு ஒரு தட்டு. தொடுகை மட்டும் பெறுபவருக்கு இரண்டிரண்டாக. இரண்டையும் பெறுபவருக்கு மட்டுமே மூன்றடி நடை. அந்த நடை காதிலும் இல்லை, தோலிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது.

இதுவும் உணர்வல்ல, மனத்துக்குள் போட்ட எண்ணிக்கை என்று மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. அதற்காக மாணவரைத் தலையை ஆட்டச் சொல்லுங்கள், அல்லது வேகத்தைச் சொல்லாமல் மாற்றுங்கள். எண்ணிக் கணக்குப் போடுபவர் ஓரிரு சுற்று தவறுவார். நடையை உணர்பவர் உடனே கூடவே மாறுவார். கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் கூடவே மாறுகிறவர்கள்தான். தாளம் வரை ஓ'கல்லகன் பக்கம் தராசு சாய்கிறது என்பது எங்கள் கணிப்பு. எல்லா அனுபவமும் இப்படித்தான் என்று நீட்டுவதற்கு இன்னும் வாதம் வேண்டும்.

எந்த வகுப்பிலிருந்து இந்தச் சோதனைகளைச் செய்யலாம்?

ஆறாம் வகுப்பிலிருந்து. மோனிகா கோரி குழுவினர் 2008-இல் கண்டபடி, சுமார் 8 வயதுக்கு முன் பிள்ளைகள் கண்ணையும் கையையும் பெரியவர்கள்போல் எடைபோட்டுச் சேர்ப்பதில்லை. அளவு என்றால் கையை, சாய்வு என்றால் கண்ணை என்று ஒன்றையே பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் வகுப்பில் மாங்காய்க் கணக்கு பொய்த்துப்போனால் சோதனை தோற்றதாக நினைக்க வேண்டாம். ரப்பர் கைக்கும், உணவுச் சோதனைகளுக்கும் பெற்றோர் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

எண்ணைப் பார்த்தால் நிறம் தெரிகிறது என்பவர்களும் இதே வகையா?

இல்லை. அது வெகு சிலருக்கே இருக்கும் தனி இயல்பு. அங்கே வெளியில் இல்லாத ஒரு நிறம் கூடுதலாக வருகிறது. இங்கே பேசியதெல்லாம் வெளியில் இருக்கும் ஒரே பொருளைப் பற்றிய பல செய்திகளைச் சேர்ப்பது.

காது மந்தமான பெரியவர்களுக்கு இதனால் பயன் உண்டா?

நேரடிப் பயன். இரைச்சலில் பேசுபவரின் முகம் தெரிந்தால் சொற்கள் எவ்வளவு கூடுதலாகப் புரிகின்றன என்பதை 1954-இலேயே சம்பி, போலாக் அளந்தார்கள். இரைச்சல் ஏற ஏற முகத்தின் உதவியும் ஏறும். ராயக்கோட்டைத் தக்காளி மண்டி மாதிரியான இடத்தில் தாத்தாவிடம் காதருகே போய்க் கத்துவதைவிட, அவருக்கு எதிரே ஒரு மீட்டரில் நின்று, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி திரும்பி, சாதாரண வேகத்தில் பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் முகம் கறுத்துவிடும், உதவி போய்விடும். காதருகே கத்தும்போது உதடு தெரியாது, ஒலியும் சிதறும். கண்ணாடி போடுபவராக இருந்தால் காது மிஷினோடு கண்ணாடியையும் எடுத்துக் கொடுங்கள். வீடியோ காலில் படம் திக்கித் திக்கி வந்தால் உதடும் குரலும் ஒவ்வாமல் போய் அவருக்குக் குழப்பம்தான் கூடும். அந்த நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுவது மேல்.